அரை வயிற்றுக் கோழி

50 குஞ்சு கேட்டிருந்தார். 500 வந்து இறங்கியது. சிசில் ஸ்டீல் அம்மாளுக்கு ஒரு நிமிடம் தலை சுற்றித்தான் போயிருக்கும்.

வருடம் 1923. அமெரிக்காவின் டெலவர் மாகாணம், சஸ்ஸெக்ஸ் மாவட்டம், ஓஷன் வியூ என்றொரு சின்ன ஊர். முட்டைக்காகக் கொஞ்சம் கோழி வளர்த்துக்கொண்டிருந்த குடும்பத்துப் பெண்மணி அவர். ஹேச்சரிக்காரர் ஒரு சைபரைக் கூடுதலாகப் போட்டு அனுப்பிவிட்டார். திருப்பி அனுப்பியிருக்கலாம். அம்மாள் அனுப்பவில்லை. ஒரு கொட்டகை போட்டார், அத்தனையையும் வளர்த்துப் பார்த்தார். 387 பிழைத்தன. 18 வாரம் கழித்துத் தலா 2 பவுண்டு தேறியதும் கறிக்கு விற்றார். பவுண்டுக்கு 62 சென்ட். அந்தக் காலத்துக்கு அது கொள்ளை லாபம். 1926ல் அவரிடம் 10,000 கோழிக்குக் கொட்டகை இருந்தது. அக்கம்பக்கத்தார் சும்மா இருப்பார்களா? மாவட்டமே கோழி வளர்க்கக் கிளம்பிவிட்டது.

அதற்கு முன்னால் கோழிக்கறி என்பது பெரும்பாலும் முட்டைத் தொழிலின் மிச்சம். முட்டை போட்டு ஓய்ந்த கிழமும் வேண்டாத சேவலும்தான் சட்டிக்குப் போகும். கறிக்கென்றே பிறந்து, கறிக்கென்றே வளர்ந்து, கறியாகிப் போகும் பிராய்லர் என்ற ஜீவன் ஒரு பெருந்தொழிலானது இந்த அம்மாளின் கொட்டகைக்குப் பிறகுதான்.

அந்த 18 வாரத்தையும் 2 பவுண்டையும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 2 பவுண்டு என்றால் ஒரு கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு.

இப்போது 2003க்கு வருவோம். அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹேவன்ஸ்டைன் என்பவரும் அவரது சகாக்களும் ஒரு விஷயத்தைச் செய்து பார்த்தார்கள். 1957ஆம் வருடத்துக் கோழி ரகம் ஒன்றைக் கலப்பில்லாமல் காப்பாற்றி வைத்திருந்தார்கள். அதையும் 2001ல் சந்தையில் இருந்த கறிக்கோழியையும் அருகருகே வளர்த்தார்கள். 42ஆம் நாள் எடை போட்டார்கள். பழைய கோழி, பழைய தீவனம்: 539 கிராம். புதிய கோழி, புதிய தீவனம்: 2,672 கிராம். ஏறக்குறைய 5 மடங்கு. அதில் 85 முதல் 90 சதவிகிதம் வரை பரம்பரைக் குணத்தின் வேலை, மிச்சம்தான் தீவனத்தின் வேலை என்று கணக்கும் கொடுத்தார்கள்.

ஊசி போட்டு ஊத வைக்கிறான், ஹார்மோன் கொடுக்கிறான் என்று டீக்கடையில் சொல்வார்கள். ஹார்மோனும் இல்லை, ஒன்றும் இல்லை. வேகமாக வளர்ந்ததை வேகமாக வளர்ந்ததோடு சேர்த்துச் சேர்த்து, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த கதை இது.

அந்தப் பொறுக்கலுக்கு ஒரு திருவிழாவே நடத்தினார்கள். ஊருக்கு ஊர் கிளை வைத்திருந்த ஏ அண்ட் பி என்ற மளிகைக் கம்பெனி பணம் போட்டது. அரசாங்க விவசாயத் துறை கூட நின்றது. போட்டியின் பெயர் 'நாளைய கோழி'. நெஞ்சு எப்படி இருக்க வேண்டும், தொடை எப்படி இருக்க வேண்டும் என்று மெழுகில் பொம்மை செய்து காட்டினார்கள். தேசிய இறுதிச் சுற்று 1948ல். நாடெங்கிலுமிருந்து முட்டைகள் வந்தன. ஒரே இடத்தில் பொரித்து, 12 வாரம் ஒரே மாதிரி வளர்த்து, வெட்டிப் பார்த்துப் பரிசு கொடுத்தார்கள். நடந்த ஊர் ஜார்ஜ்டவுன். அதே டெலவர், அதே சஸ்ஸெக்ஸ் மாவட்டம். இந்த மாவட்டம் நம் கதைக்குள் இன்னொரு தரம் வரும். ஜெயித்தவர் கலிபோர்னியாவின் சார்லஸ் வான்ட்ரெஸ். சிவப்பு கார்னிஷையும் நியூ ஹாம்ப்ஷயரையும் கலந்து உருவாக்கிய ரகம். 1951லும் அவர்தான் ஜெயித்தார்.

அப்படிப் பொறுக்கியபோது எதைப் பொறுக்கினார்கள்? சதையை என்று நினைத்தார்கள். உண்மையில் பசியைப் பொறுக்கியிருக்கிறார்கள். அதிகம் தின்கிற குஞ்சுதானே வேகமாக வளரும்? வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் பால் சீகல் 1957ல் ஒரு வேலையைத் தொடங்கினார். ஒரே கூட்டத்துக் கோழிகளை இரண்டாகப் பிரித்தார். ஒரு பக்கம் 8 வாரத்தில் அதிக எடை வருவதை மட்டும் அடுத்த தலைமுறைக்கு எடுப்பது. இன்னொரு பக்கம் குறைந்த எடை வருவதை மட்டும் எடுப்பது. பல தலைமுறை போனபின் என்ன ஆயிற்று? கனத்த வம்சத்துக்குத் தீவனத்தை அளந்து போடாவிட்டால் கொழுத்தே கெட்டுப்போகும். மெலிந்த வம்சத்திலோ, கண்ணெதிரே தீவனம் இருந்தும் தின்னாமலேயே செத்துப்போன குஞ்சுகள் உண்டு. இரண்டுக்கும் ஒரே மூதாதையர்! 'போதும்' என்று சொல்கிற மூளைதான் மாறிப்போயிருந்தது.

'போதும்' சொல்லத் தெரியாத உடம்பு எவ்வளவு தூரம் ஓடும்?

ரொம்ப தூரம் ஓடவில்லை. முதலில் சிக்கல் தெரிந்தது மலைநாடுகளில். பொலிவியா போன்ற உயரமான இடங்களில் 1960களிலேயே கோழிகளுக்கு வயிற்றில் நீர் கோத்தது. நம் ஆட்கள் மகோதரம் என்பார்களே, அதேதான். சதை மளமளவென்று ஏறுகிறது, அது ஆக்சிஜன் கேட்கிறது. நுரையீரல் அந்த வேகத்தில் வளரவில்லை. இதயத்தின் வலது பக்கம் முக்கி முக்கி அழுத்துகிறது, வீங்குகிறது, ஒரு நாள் தோற்றுப்போகிறது. கல்லீரலிலிருந்து நீர் கசிந்து வயிறு நிறைகிறது. மலையில் காற்றே குறைவு என்பதால் அங்கே முதலில் தெரிந்தது. 1980களில் கடல் மட்டத்திலிருந்த பண்ணைகளிலும் அதே சாவு. கூடவே காலில் கோளாறு, நன்றாக இருந்த கோழி திடீரென்று மல்லாந்து சாவது.

இந்த நேரத்தில்தான் இஸ்ரேலிலிருந்து ஒரு சேதி வந்தது. பெட் டகன் என்ற ஊரில் வோல்கானி என்ற விவசாய ஆராய்ச்சி நிலையம். அங்கே ஐசக் பிளாவ்னிக், ஷ்முவேல் ஹர்விட்ஸ் என்று இருவர். கோழியின் சாவு அவர்கள் கவலை இல்லை. அவர்கள் கவலை அடிவயிற்றுக் கொழுப்பு. வெட்டும்போது கொத்தாக வெளியே வந்து குப்பைக்குப் போகிற கொழுப்பு.

இதை நான் கொஞ்சம் ரசித்தே படித்தேன். நான் படித்தது பி.காம். கோழி வளர்ப்பில் ஆகிற செலவில் பெரும்பகுதி தீவனச் செலவு. அந்தத் தீவனம் கறியானால் வரவு, கொழுப்பானால் வாராக்கடன். பிளாவ்னிக்கும் ஹர்விட்ஸும் அந்த வாராக்கடனைத்தான் ஒழிக்கப் பார்த்தார்கள்.

செய்தது இதுதான். குஞ்சு பொரித்து 6ஆம் நாளிலிருந்து 12ஆம் நாள் வரை, ஒரு குஞ்சுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 40 கிலோகலோரி. உயிர் தரித்திருக்க வேண்டிய அளவுக்குச் சற்றே மேல், அவ்வளவுதான். அந்த ஒரு வாரம் குஞ்சு வளரவே இல்லை என்றுகூடச் சொல்லலாம். பிறகு தட்டை நிரப்பி வைத்துவிட்டார்கள். 1985ல் முடிவை வெளியிட்டபோது கோழி உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. 8 வாரத்தில், முக்கியமாகச் சேவல்கள், பட்டினி கிடக்காத கோழிகளின் எடையை எட்டிப் பிடித்துவிட்டன. தின்ற தீவனமோ குறைவு. அடிவயிற்றுக் கொழுப்பும் குறைவு.

பட்டினிக்குப் பின் உடம்பு பாய்ந்து வளரும் என்பது அவர்கள் கண்டுபிடித்ததில்லை. 1910களிலேயே ஆஸ்போர்ன், மென்டல் என்ற இரு அமெரிக்கர்கள் எலிகளில் பார்த்திருந்தார்கள். 1935ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கிளைவ் மெக்கே ஒரு படி மேலே போய், தீவனத்தைக் குறைத்து வளர்த்த எலி அதிக காலம் வாழ்கிறது என்று காட்டியிருந்தார். 'லங்கணம் பரம ஔஷதம்' என்று நம் பாட்டிமார் சொன்னதற்கு ஆய்வகச் சான்று. ஆனால் அதைக் காசாக்கலாம் என்று கோழிப் பண்ணைக்குச் சொன்னவர்கள் இந்த இருவர்தான்.

உடனே உலகெங்கும் ஆளாளுக்குக் குஞ்சுகளைப் பட்டினி போட ஆரம்பித்தார்கள். முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. சிலருக்குக் கொழுப்பு குறைந்தது, சிலருக்குக் குறையவில்லை. சிலருக்கு எடை எட்டியது, பலருக்கு எட்டவில்லை. காரணம் பெரிய மர்மமில்லை. 8 வாரத் தவணையில் அடைகிற கடன் அது. வருடம் போகப்போகக் கோழியை விற்கிற வயது 6 வாரம், 5 வாரம் என்று இறங்கிக்கொண்டே வந்தது. தவணை முடியுமுன்பே கணக்கை மூடினால் பாக்கி நிற்கத்தானே செய்யும்?

கொழுப்பு கைவிட்டாலும் வேறொன்று கைகொடுத்தது. மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த நாட்டில் மகோதரம் கோழிகளை வாரிக்கொண்டு போனது. அங்கே ஆர்சே, லோபெஸ் கொயேயோ முதலானவர்கள் குஞ்சுப் பருவத்தில் தீவனத்தை மட்டுப்படுத்திப் பார்த்து 1992ல் முடிவை எழுதினார்கள். நீர் கோத்துச் சாவது நன்றாகக் குறைந்தது. ஆரம்ப வாரங்களில் ஓட்டத்தைக் கொஞ்சம் தடுத்துவிட்டால் இதயமும் நுரையீரலும் மூச்சு வாங்கிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. கொழுப்பில் இழுபறியாக இருந்த பட்டினி, இதயத்தில் ஜெயித்தது.

சரி, நோய் எதிர்ப்பு சக்தி? வயிறு காய்ந்தால் உடம்பு நோயை எப்படித் தாங்கும்? அதைச் சொல்வதற்கு முன் கோழியின் பின்புறத்தில் ஒரு சின்னப் பையைப் பார்த்துவிட வேண்டும்.

இத்தாலியில் பதுவா நகரத்து உடற்கூறு மேதை ஃபாப்ரிசியஸ். அவர் கோழியின் கழிவு வாசலுக்கு மேலே ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பையைக் கண்டு எழுதி வைத்தார். அவர் இறந்தபின் 1621ல் அது அச்சில் வந்தது. சேவலின் விந்தைச் சேமிக்கிற பை என்று அவர் நினைத்தார். 300 வருடத்துக்கு மேல் அதன் வேலை என்னவென்று யாருக்கும் விளங்கவில்லை.

1950களின் தொடக்கம். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம். பேராசிரியர் ஒரு வாத்தை அறுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். புரூஸ் கிளிக் என்ற மாணவர் அந்தப் பையைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டார். நல்ல கேள்வி, நீயே கண்டுபிடி என்று பதில் வந்தது. கிளிக் விடவில்லை. குஞ்சுகளுக்கு அந்தப் பையை வெட்டி எடுத்துவிட்டு வளர்த்தார். ஒன்றும் ஆகவில்லை. அலுத்துப்போன நேரத்தில் சக மாணவர் டிமோதி சாங், வகுப்பில் செய்து காட்டக் கோழி வேண்டும் என்று இரவல் கேட்டார். கோழிக்குக் கிருமி ஊசி போட்டால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் ஊறும் என்று மாணவர்களுக்குக் காட்ட வேண்டும். போட்டார். சில கோழிகள் செத்தன. பிழைத்ததில் எதிர்ப்பொருளே ஊறவில்லை. வகுப்பில் மானம் போயிற்று. எந்தக் கோழி என்று பார்த்தால், எல்லாம் பை வெட்டின கோழி!

எதிர்ப்பொருள் தயாரிக்கிற படைக்குப் பயிற்சி முகாம் அந்தப் பைதான். பெரிய அறிவியல் பத்திரிகை ஒன்று கட்டுரையைத் திருப்பி அனுப்ப, 1956ல் கோழி ஆராய்ச்சிப் பத்திரிகையில் வெளியானது. மனித மருத்துவம் அதைத் திரும்பிப் பார்க்க இன்னும் சில வருடம் ஆயிற்று. இன்றைக்கு நம் ரத்தப் பரிசோதனையில் 'பி செல்' என்கிறார்களே, அந்த 'பி', 'பர்சா' எனப்படும் இந்தக் கோழிப் பையின் முதலெழுத்து.

அந்தப் பையையே தேடிவந்து தாக்குகிற நோய் ஒன்று உண்டு. 1962ல் அதை முதன்முதலாக விவரித்து எழுதியவர் காஸ்குரோவ். தோன்றிய ஊரின் பெயரால் கம்போரோ என்கிறார்கள். நம் கோழிப் பண்ணைக்காரர்கள் எவரைக் கேட்டாலும் பெருமூச்சோடு சொல்வார்கள். கம்போரோ எங்கே இருக்கிறது? டெலவர். சஸ்ஸெக்ஸ் மாவட்டம்! சிசில் அம்மாளின் கொட்டகை, நாளைய கோழி, கோழியின் நோய் எதிர்ப்பை அழிக்கிற நோய், மூன்றும் ஒரே மாவட்டத்தில். ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் அடைத்தால் கிருமிக்கும் அதுதான் தலைநகரம்.

எடைக்குப் பொறுக்கிய கோழி இந்தப் போரில் எப்படி? 1957 கோழியையும் 2001 கோழியையும் ஒப்பிட்ட அதே கூட்டம் இதையும் பார்த்தது. புதிய கோழி எதிர்ப்பொருள் தயாரிப்பதில் பழைய கோழியைவிடப் பின்தங்கியிருந்தது. வீக்கம், அழற்சி என்று முரட்டுத்தனமாகச் சண்டை போடுவதில் முன்னால் இருந்தது. சீகல் இதை மறுகோடியிலிருந்து காட்டினார். எடையைக் கவனிக்காமல், எதிர்ப்பொருள் அதிகம் சுரக்கும் கோழிகளை மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை எடுத்தார். அவை சிறுத்துப்போயின. ஒரே சம்பளம், இரண்டு குடும்பம். ஒரு வீட்டுக்குக் கூடக் கொடுத்தால் இன்னொரு வீட்டில் குறையும்.

இங்கேதான் குஞ்சுப் பருவத்துப் பட்டினி இரண்டு முகம் காட்டுகிறது.

ஒரு முகம். பொரிப்பகத்தில் எல்லா முட்டையும் ஒரே நேரத்தில் உடைவதில்லை. முதலில் வந்த குஞ்சு கடைசிக் குஞ்சுக்காகக் காத்திருக்கும். பிறகு தடுப்பூசி, பெட்டி, லாரிப் பயணம். பண்ணைக்குப் போய்த் தீவனத்தைப் பார்க்க 2 நாள், சமயத்தில் 3 நாள்கூட ஆகும். வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு போதும் என்பது வெகுகால நம்பிக்கை. 1998ல் அமெரிக்காவில் டிப்னரின் குழு அதைச் சோதித்தது. பொரித்தவுடன் தீனி கிடைத்த குஞ்சுகளின் பை கனமாக இருந்தது, எதிர்ப்பொருளும் நன்றாக ஊறியது. காத்திருந்த குஞ்சுகளுக்கு அது குறைவு. அம்மா கொடுத்த மஞ்சள் கருவில் இருப்பது வெறும் சோறு இல்லையே? தாயின் எதிர்ப்பொருளும் அதில்தான் இருக்கிறது. ஆயுதத்தை எரித்துக் குளிர் காய்வதா?

இன்னொரு முகம் மலேசியாவில். புத்ரா பல்கலைக்கழகத்தின் சுல்கிஃப்லியும் சகாக்களும் வெயிலோடு மல்லுக்கட்டியவர்கள். குஞ்சுக்கு 4, 5, 6ஆம் நாள், மூன்றே நாள் தீவனத்தை வெட்டினார்கள். வளர்ந்தபின் கடும் சூட்டில் நிறுத்தியபோது, சின்ன வயதில் பசி பார்த்த கோழிகள் மேலாகத் தாங்கின. 2003ல் வெளியான இன்னொரு சோதனையில், அந்த மூன்று நாள் பசியோடு முதல் மூன்று வாரம் தினம் ஒரு மணி நேரச் சூட்டையும் பழக்கினார்கள். பின்னால் வெப்பத்தில் நிறுத்திக் கம்போரோ கிருமியையும் கொடுத்தார்கள். பசியும் சூடும் சேர்ந்து பழகிய சேவல்கள் எடையிலும் நோயைத் தாங்குவதிலும் மேலாக நின்றன. சூட்டில் செல்களைக் காக்கும் ஒருவகைப் புரதம் அவற்றில் நன்றாகச் சுரந்ததை அதற்குக் காரணமாகச் சொன்னார்கள். (நம் பக்கம் கோடை உச்சிவேளையில் தீவனத் தட்டைத் தூக்கிவிடுவார்கள். அது வேறு. அது அந்த நேரத்துச் சூட்டைக் குறைக்க. இது வாழ்நாளுக்கான பயிற்சி.)

முதல் 2 நாள் பசி கெடுக்கிறது. 4ஆம் நாளுக்கு மேல் அளவான பசி பழக்குகிறது. அதற்காக நீட்டிக்கொண்டே போனால்? பசி என்றாலே உடம்புக்கு மன அழுத்தம். கார்ட்டிகோஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறும். அது ஏறி நின்றுவிட்டால் அந்தப் பை சுருங்கும், எதிர்ப்பொருள் குறையும். ஆக, எந்த நாள், எத்தனை நாள், எவ்வளவு என்பதில்தான் மருந்தும் விஷமும் பிரிகின்றன. இதைக் கேட்காமல் 'பட்டினி நல்லதா கெட்டதா' என்று கேட்டால் எந்தக் கோழி விஞ்ஞானியும் பதில் சொல்ல மாட்டார்.

இது நம் தட்டு வரைக்கும் வருகிற விவகாரம். கோழிக்குச் சொந்த எதிர்ப்பு சக்தி குறைந்தால் என்ன என்று ரொம்ப காலம் யாரும் கவலைப்படவில்லை. காரணம், 1950லேயே லெடர்லே கம்பெனியின் ஜூக்ஸும் ஸ்டோக்ஸ்டாடும் ஆன்டிபயாடிக்கைத் தீவனத்தில் கலந்தால் கோழி வேகமாக வளர்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அரை நூற்றாண்டு கலந்தார்கள். கிருமிகள் பழகிவிட்டன. நமக்குக் காய்ச்சல் வந்தால் மருந்து வேலை செய்யாத நிலை வரவே, ஐரோப்பிய ஒன்றியம் 2006ல் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதைத் தடை செய்தது. இந்தியா, கடைசி ஆயுதம் எனப்படும் கொலிஸ்டினைக் கால்நடைகளுக்குக் கொடுப்பதை 2019ல் தடை செய்தது. ஊன்றுகோலைப் பிடுங்கியாகிவிட்டது. இனி கோழி தன் காலில் நிற்க வேண்டும்.

இதுவரை சொன்னது கறிக்கோழியின் பசி. மூன்று நாள், ஒரு வாரம், முடிந்தது. அதன் தாய் தகப்பனுக்கு?

அவற்றுக்கும் அதே பசிதான் ரத்தத்தில். ஆனால் அவை 5 வாரத்தில் செத்துப்போகக்கூடாது, மாதக்கணக்கில் முட்டை போட வேண்டும். தின்னவிட்டால் கொழுத்து, முட்டைப் பை கோளாறாகி, சீக்கிரம் செத்துப்போகும். அதனால் அளந்துதான் தீவனம். பிரிட்டனில் ஜான் சேவரி 1993ல் கணக்கெடுத்தார். வளரும் பருவத்தில் தாய்க்கோழிகளுக்குக் கொடுப்பது, அவை இஷ்டத்துக்குத் தின்னக்கூடியதில் கால் முதல் அரைப்பங்கு. எப்போதும் பசி. தரையைக் கொத்திக்கொண்டே இருக்கும், தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துக்கொண்டே இருக்கும்.

கால்நடைகளின் நலனுக்காகப் பிரிட்டனில் பீட்டர் ராபர்ட்ஸ் என்ற பால் பண்ணைக்காரர் 1967ல் ஆரம்பித்த அமைப்பு, இதைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனது. வளர்ப்புப் பிராணிக்குப் போதுமான தீவனம் கொடு என்று சட்டம் சொல்கிறதே, இது போதுமானதா என்று அரசாங்கத்தின் மேல் வழக்கு. தின்னவிட்டால்தான் அதன் ஆரோக்கியம் கெடும் என்றது அரசுத் தரப்பு. இரண்டும் உண்மை, அதுதான் கொடுமை. 2003ல் வழக்கு தள்ளுபடி ஆனது. 2004ல் மேல்முறையீடும் தோற்றது.

கோர்ட்டில் முடியாததைக் கடைக்காரர்கள் கொஞ்சம் செய்துகொண்டிருக்கிறார்கள். நெதர்லாந்தில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் 2023 முடிவதற்குள், அலமாரியில் வைக்கும் பச்சைக் கோழிக்கறி எல்லாவற்றையும் மெதுவாக வளரும் ரகத்துக்கு மாற்றிவிட்டன. கிலோவுக்குத் தீவனம் கூடுதல், விலையும் கூடுதல். அந்தக் கோழியை வெட்டுவதற்குக் குறைந்தபட்ச வயது 56 நாள். பிளாவ்னிக்கும் ஹர்விட்ஸும் 1985ல் கணக்கு எடுத்த அதே 8 வாரம்.